பூனை துரத்தல் (நாய் நடத்தை)

பூனை துரத்தல் என்பது வீட்டு நாய் ஒன்று அதே வீட்டிலோ அண்டை வீட்டிலோ வாழும் பூனையை உற்றுநோக்குதல், பதுங்கி அணுகுதல், விரட்டுதல், கவ்வுதல், கடித்தல் ஆகிய செயல்களில் ஈடுபடுவதைக் குறிக்கும். இது நாயின் வேட்டை இயல்பிலிருந்தும் அச்சம், விளையாட்டு, உணவுப் போட்டி போன்ற பிற காரணங்களிலிருந்தும் தோன்றுகிறது. வளர்ந்த பூனையின் எடை பொதுவாக 3 முதல் 5 கிலோகிராம் வரை இருக்கும். நடுத்தர அளவுள்ள நாய் இதைப்போல் நான்கைந்து மடங்கு எடை கொண்டது. ஆகவே நாய்க்கு விளையாட்டாகத் தொடங்கும் துரத்தல்கூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். மறுபுறம், பூனையைக் கடித்த நாய் சங்கிலியிலேயே காலம் முழுதும் கட்டப்படுவதும் தெருவில் விடப்படுவதும் உண்டு. இந்நடத்தையைச் சீராக்குவதால் இரு விலங்குகளுமே காக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டின் தென்காசி, குற்றாலம் பகுதிகளில் நாயும் பூனையும் ஒரே வீட்டில் வளர்வது வழக்கமானது. தென் மாவட்டங்களுக்குரிய வேட்டைநாய் இனங்கள் இங்கு வளர்க்கப்படுவதால் இச்சிக்கல் தனிக் கவனம் பெறுகிறது.

உயிரியல் பின்னணி

நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாயின் வேட்டைச் செயல்கள் ஒரு தொடராக நிகழ்கின்றன: இரையை நோக்கித் திரும்புதல், உற்றுநோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லும் கடி, கிழித்துத் தின்னுதல். அமெரிக்க நாய் நடத்தையியல் ஆய்வாளர்களான ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் இணையர் இத்தொடரைக் கொண்டு நாய் இனங்களுக்கிடையேயான வேறுபாடுகளை விளக்கினர். மனிதர் தம் தேவைக்கேற்ப நாய்களைத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தபோது இத்தொடரின் சில கண்ணிகள் வலுப்பெற்றன, சில மங்கின. ஆடு மேய்க்கும் நாய்களில் உற்றுநோக்குதலும் பதுங்குதலும் மிகுந்து, கடித்தல் குறைந்துள்ளது. பார்வையால் வேட்டையாடும் நாய்களில் துரத்துதலும் கவ்வுதலும் மேலோங்கி நிற்கின்றன.

இத்தொடரைத் தூண்டுவது பெரும்பாலும் அசைவே. அமைதியாகப் படுத்திருக்கும் பூனையைப் பொருட்படுத்தாத நாய், அதே பூனை ஓடத் தொடங்கியவுடன் பாய்வது இதனால்தான். துரத்துதல் நாய்க்குத் தன்னளவிலேயே இன்பம் தருவது. பூனை அகப்படாவிட்டாலும் அந்த இன்பம் குறைவதில்லை. எனவே ஒவ்வொரு துரத்தலும் அடுத்த துரத்தலுக்கான பயிற்சியாக அமைகிறது. "நாளடைவில் தானே பழகிவிடும்" என்று விட்டுவிடுவது பல வீடுகளில் பலன் தராமைக்கு இதுவே காரணம்.

காரணங்கள்

பூனையை நாய் விரட்டுவதற்குரிய காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. காரணத்தைக் கண்டறிந்த பின்னரே தீர்வை முடிவு செய்தல் வேண்டும்.

- வேட்டை இயல்பு: நாய் குரைப்பதில்லை. உடலை விறைத்து, தலையைத் தாழ்த்தி, கண் கொட்டாமல் பார்க்கும். இவ்வகையே மிகவும் ஆபத்தானது.
- விளையாட்டு: முன்னங்கால்களை நீட்டி, முன்னுடலைத் தாழ்த்தி, பின்னுடலை உயர்த்தி நிற்கும். துள்ளும், குரைக்கும், இடையிடையே விலகும்.
- அச்சம்: பூனையிடம் முன்பு கீறல் பட்ட நாய், பூனை நெருங்கும்போது உறுமும் அல்லது முந்திக்கொண்டு தாக்கும்.
- உடைமை காத்தல்: உணவுத் தட்டு, படுக்கை, உரிமையாளரின் அருகிடம் ஆகியவற்றைப் பூனை நெருங்கும்போது சினம் எழும்.
- திசைமாறிய தாக்குதல்: வேறொன்றால் கிளர்ச்சியுற்ற நாய், அதை எட்ட முடியாதபோது அருகிலுள்ள பூனையின் மீது பாயும்.
- நோயும் வலியும்: காதுப் புண், மூட்டுவலி, பார்வைக் குறைவு போன்றவற்றால் அமைதியான நாய்கூடத் திடீரெனக் கடிக்கத் தொடங்கலாம். முதிய நாயிடம் புதிதாக இந்நடத்தை தோன்றினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தென்காசி, குற்றாலம் பகுதியில்

தென்காசி மாவட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று செயல்படத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இம்மாவட்டத்தின் செங்கோட்டை, இலஞ்சி, தென்காசிப் பகுதிகள் நெல் விளையும் நிலங்கள். நெல் மூட்டைகளையும் வைக்கோல் படப்பையும் எலிகளிடமிருந்து காக்கப் பூனையும், வீட்டையும் தோப்பையும் காக்க நாயும் வளர்க்கப்படுகின்றன. இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு. ஆனால் இருக்கும் இடம் ஒன்றே.

நாட்டு வேட்டையினங்கள்

சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம், கோம்பை ஆகியவை தென் தமிழ்நாட்டின் அறியப்பட்ட நாயினங்கள். இவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு, பார்வையால் இரையைக் கண்டு விரைந்து துரத்துபவை; முயல் வேட்டைக்குப் பயன்பட்டவை. இராசபாளையமும் கோம்பையும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றவை. இராசபாளையம் நகரம் தென்காசி மாவட்டத்தின் வட எல்லையை அடுத்து, விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று.

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, வேட்டை சட்டத்துக்குப் புறம்பானதாக ஆன பின்னர், இந்நாய்கள் காவல் நாய்களாகவும் வீட்டு நாய்களாகவும் மாறின. வேலை மாறினாலும் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட துரத்தும் இயல்பு மாறவில்லை. முயலின் அளவும் ஓட்டமும் ஏறத்தாழப் பூனைக்கும் உரியவை. எனவே சிப்பிப்பாறை பூனையைத் துரத்துவது கெட்ட குணத்தால் அன்று. தான் எதற்காக உருவாக்கப்பட்டதோ அதையே அது செய்கிறது. இவ்வுண்மையை ஏற்றுக்கொள்வது பயிற்சியின் முதற்படி எனலாம். அதே வேளையில், இந்த இனத்து நாய்கள் எல்லாம் பூனையைக் கொல்லும் என்பதும் சரியன்று. குட்டியிலிருந்தே பூனையுடன் வளர்ந்தவை அந்தப் பூனையை வீட்டாருள் ஒருவராகக் கொள்வதுண்டு. ஆனால் அதே நாய் தோப்பில் காணும் அயல் பூனையை விரட்டக்கூடும். பழக்கம் குறிப்பிட்ட பூனைக்கு உரியது. பூனைகள் அனைத்துக்கும் பொதுவானதன்று.

சாரல் காலம்

குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் சாரல் நிலவுகிறது. அருவிகள் பெருகும் இக்காலத்தில் வெளியே திரியும் பூனைகளும் ஈரத்தை விரும்பாது வீட்டுக்குள் அடைகின்றன. நாய்க்கும் உலாவுதல் குறைகிறது. ஆற்றல் செலவாகாத நாயும் ஒதுங்க இடமற்ற பூனையும் ஒரே அறையில் இருக்க நேர்வதால் மோதலுக்கு வாய்ப்பு கூடுகிறது. மழைவிட்ட இடைவெளிகளில் நாயை நடத்திச் செல்வதும், வீட்டுக்குள் உணவை ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடச் செய்வதும் இதற்கு எளிய மாற்றுகள்.

குற்றாலத்தில் நாட்டுக் குரங்குகள் மிகுதி. கூரையிலும் மதிலிலும் ஏறும் குரங்குகளைப் பார்த்துக் குரைத்துக் கிளர்ச்சியுற்ற நாய், காலடியில் செல்லும் பூனையைக் கடிப்பது மேற்கூறிய திசைமாறிய தாக்குதலுக்குச் சான்றாகும். குரங்கு வந்து சென்ற பின்னர் நாய் அமைதியடையும் வரை பூனையை வேறு அறையில் வைப்பது நலம்.

உடல்மொழி வேறுபாடு

நாயும் பூனையும் ஒரே அசைவுக்கு வெவ்வேறு பொருள் கொள்கின்றன. நாய் வாலைத் தளர்வாக வீசி ஆட்டுவது நட்பின் அடையாளம். பூனை வாலை விசிறி அடிப்பது எரிச்சலின் அடையாளம். பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கி வருவது வரவேற்பு. நாய் வாலை விறைப்பாக உயர்த்துவது எச்சரிக்கை. நாய் மல்லாந்து படுப்பது பெரும்பாலும் பணிவைக் காட்டும். தாக்கப்படும் பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களையும் பயன்படுத்த ஆயத்தமாகிறது என்பது பொருள்.

இசுரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபியூயர்ஸ்டைன், டெர்கல் ஆகியோர் ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். சேர்ந்து வாழும் விலங்குகள் பெரும்பாலும் மற்ற இனத்தின் உடல்மொழியைச் சரியாகப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்கின்றன என அவர்கள் கண்டனர். பூனை ஆறு மாத வயதுக்குள்ளும் நாய் ஓராண்டு வயதுக்குள்ளும் வீட்டுக்கு வந்திருந்தால் இணக்கம் மிகுந்திருந்தது. நாய்க்கு முன்னரே பூனை வந்த வீடுகளில் உறவு மேலும் சிறப்பாக இருந்தது.

இளம்பருவப் பழக்கம்

நாய்க்குட்டியின் சமூகமயமாகும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலானது. ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965-இல் வெளியிட்ட நாய் மரபியல், நடத்தை ஆய்வு இப்பருவத்தின் முதன்மையை நிறுவியது. பூனைக்குட்டிக்கு இப்பருவம் மேலும் குறுகியது. ஏறத்தாழ 2 முதல் 7 வாரம் வரை. இக்காலத்தில் அச்சமின்றிச் சந்திக்கும் உயிர்களைக் குட்டிகள் பின்னாளில் இரையாகவோ பகையாகவோ கருதுவது குறைவு. சீன உளவியலாளர் குவோ 1930-இல் வெளியிட்ட சோதனைகளில், எலிகளுடன் வளர்ந்த பூனைக்குட்டிகள் பெரும்பாலும் அத்தகைய எலிகளைக் கொல்லாமல் இருந்தன. இயலுணர்வு எனக் கருதப்படுவதிலும் வளர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இது காட்டுகிறது.

வீட்டு ஏற்பாடுகள்

பயிற்சி பயன்தர வாரங்கள் ஆகும். அதுவரை துரத்தல் நிகழாதபடி வீட்டை அமைப்பது முதன்மையானது.

- பூனைக்கு உயரமான இடங்கள் தேவை. பரண், அலமாரியின் மேற்பகுதி, சுவரில் பொருத்திய பலகை ஆகியவற்றை நாயால் எட்ட முடியாது. ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குத் தரையைத் தொடாமல் செல்லும் வழி இருப்பின் இன்னும் நன்று.
- நாய் நுழைய முடியாத, பூனை மட்டும் நுழையக்கூடிய அறை ஒன்று வேண்டும். அரைக்கதவு, அழிக்கதவு அல்லது சிறு இடைவெளியுடன் கட்டிவைத்த கதவு போதுமானது.
- பூனையின் உணவும் தண்ணீரும் உயரத்தில் இருக்க வேண்டும். நாயின் தட்டு தனியிடத்தில் இருக்க வேண்டும்.
- பூனை மலம் கழிக்கும் மணல்தட்டு, நாய் மறித்து நிற்கக்கூடிய மூலையில் இருத்தல் ஆகாது. மறிக்கப்பட்ட பூனை வீட்டின் வேறிடங்களை அசுத்தம் செய்யத் தொடங்கும்.
- பல வீடுகள் ஒரே முற்றத்தைப் பகிரும் வளவு அமைப்பில், அண்டை வீட்டாருடன் பேசி நாயை அவிழ்த்துவிடும் நேரத்தை முடிவு செய்தல் நலம்.

தென்காசி, ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தொழில் பரவலாக உள்ளது. பகல் முழுதும் ஒருவர் வீட்டில் இருப்பது மேற்பார்வைக்கு வாய்ப்பாகும். ஆயினும் புகையிலைத் தூள் இரு விலங்குகளுக்கும் நஞ்சு என்பதால் தட்டையும் முறத்தையும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

பயிற்சி

அடிப்படை

இங்குப் பயன்படும் முறை, அச்சமோ கிளர்ச்சியோ தரும் பொருளைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அறிமுகம் செய்து, ஒவ்வொரு முறையும் விரும்பத்தக்க ஒன்றை அதனுடன் இணைப்பதாகும். 1924-இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் உணவு உண்ணும்போது முயலைப் படிப்படியாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். பின்னர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப், அஞ்சும் நிலைக்கு ஆளாக்கப்பட்ட பூனைகளுக்கு உணவளித்துச் செய்த சோதனைகளின் வழியாக இதனை ஒரு முறைமையாக வளர்த்து 1958-இல் நூலாக வெளியிட்டார். நாய்–பூனைப் பயிற்சி இதே கொள்கையைப் பின்பற்றுகிறது.

படிநிலைகள்

1. பிரிப்பும் மணப் பரிமாற்றமும். முதல் சில நாட்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. பூனை படுத்த துணியை நாய்க்கும் நாய் படுத்த துணியை பூனைக்கும் காட்டி, அப்போது நல்ல உணவு தரப்படும்.

2. கட்டளைகள். பூனை இல்லாத இடத்தில் "இரு", "விடு", "வா" ஆகிய சொற்களுக்கு நாய் உடனே பணியும்படி பழக்கப்படும். பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்ப்பது இவற்றுள் மிகப் பயனுள்ளது.

3. தொலைவில் காட்டுதல். நாயை மார்புப்பட்டையும் வாரும் பூட்டிப் பிடித்துக்கொண்டு, பூனையைத் தொலைவில் காண விடுதல். நாய் பூனையைப் பார்த்தாலும் உணவைப் பெற்றுக்கொள்ளும் தொலைவே சரியான தொலைவு. உணவை மறுத்து உற்றுநோக்கினால் தொலைவு போதாது. நாய் பூனையைக் கண்டதும் சிறு துண்டு வேகவைத்த கோழியிறைச்சி தரப்படும். பூனை மறைந்ததும் உணவு நிறுத்தப்படும். நாளடைவில் நாய் பூனையைப் பார்த்தவுடன் தானே உரிமையாளரை நோக்கித் திரும்பும்.

4. தொலைவைக் குறைத்தல். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம் மட்டும். தொலைவைக் குறைக்கும் நாளில் நேரத்தைக் கூட்டக் கூடாது.

5. அசைவுக்குப் பழக்குதல். பூனை நடத்தல், குதித்தல், ஓடுதல் ஆகியவற்றை நாய் அமைதியாகக் காணும்படி மீண்டும் தொலைவிலிருந்து தொடங்கப்படும். வேட்டையினங்களில் இப்படியே மிகக் கடினமானது. அவசரப்படுதல் பெரும்பாலும் இங்குதான் தோல்வியில் முடிகிறது.

6. வாரைத் தரையில் விடுதல். வார் நாயின் கழுத்திலேயே இழுபட்டுக் கிடக்கும். தேவைப்பட்டால் காலால் மிதித்து நிறுத்தலாம். ஐயமுள்ள நாய்க்குக் கூடை வடிவ வாய்ப்பூட்டை முன்னதாகவே பழக்கலாம். மூச்சிரைக்கவும் நீர் அருந்தவும் அது இடம் தர வேண்டும்.

7. மேற்பார்வையில் விடுதலை. பல வாரங்கள் துரத்தல் நிகழாத பின்னரே வாரின்றி விடலாம். ஆளில்லா வீட்டில் இரண்டையும் சேர்த்து விடுவதை நெடுங்காலம் தவிர்க்க வேண்டும்.

எப்படிநிலையிலும் பூனை தானே நெருங்கவும் தானே விலகவும் உரிமை பெற்றிருக்க வேண்டும். உண்ணாமை, ஒளிந்தே இருத்தல், உடலை நக்காமை ஆகியவை பூனை அஞ்சுவதற்கான அறிகுறிகள். நாய் அமைதியாக இருந்தாலும் பூனையிடம் இவை தென்பட்டால் முந்தைய படிக்குத் திரும்புதல் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- அடித்தல். பூனையைக் காணும்போதெல்லாம் அடி விழுந்தால், பூனையே வலியின் அடையாளம் என நாய் கற்றுக்கொள்ளும். உறுமியதற்கு அடிபட்ட நாய், உறுமாமலே கடிக்கப் பழகும்.
- பூனையைக் கையில் பிடித்து நாயின் முகத்தருகே காட்டுதல். தப்ப வழியற்ற பூனை பிடித்தவரைக் கீறும்; நாயின் கண்ணையும் காயப்படுத்தும்.
- "சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்" என விடுதல். எடை வேறுபாட்டால் இது பூனைக்கு உயிராபத்து.
- எந்நேரமும் சங்கிலியில் கட்டுதல். கட்டுண்ட நாயின் ஏக்கம் சினமாக மாறும். மலையடிவார ஊர்களில் இரவில் வெளியே கட்டப்பட்ட நாயைச் சிறுத்தை கவர்ந்து செல்லும் ஆபத்தும் உண்டு.
- தெருநாயையோ அயல் பூனையையோ "பிடி" என ஏவி விரட்டச் செய்தல். வெளியில் புகழப்படும் செயலை வீட்டுக்குள் தவறென நாயால் பிரித்தறிய முடியாது.

பயிற்சி பலனளிக்காத நிலை

முன்பே பூனைகளைக் கொன்ற, வளர்ந்த வேட்டைநாய்கள் அனைத்தையும் பூனையுடன் சேர்த்து வாழச் செய்ய இயலாது. உணவையும் அழைப்பையும் பொருட்படுத்தாமல் பூனையையே நோக்கி விறைத்து நிற்கும் நாய்க்கு, நிலையான பிரிவே பாதுகாப்பான வழி. இரு கதவுகளுக்கு இப்பாலும் அப்பாலுமாக, நேரம் வகுத்து இரண்டையும் வளர்க்கும் வீடுகள் உண்டு. அதுவும் இயலாதபோது, விலங்குகளுள் ஒன்றைப் பொறுப்பான வேறொரு வீட்டில் சேர்ப்பது முறை. தெருவிலோ காட்டோரத்திலோ விட்டுவிடுதல் தீர்வாகாது. காட்டோரத்தில் விடப்பட்ட நாய் காட்டுயிர்களை வேட்டையாடுவதோடு நோயையும் பரப்பும்.

காயமும் முதலுதவியும்

சண்டை மூண்டால் நடுவில் கையை நுழைக்கக் கூடாது. தண்ணீரை வீசுதல், பாத்திரத்தைத் தட்டி ஓசையெழுப்புதல், சாக்கை அல்லது போர்வையை மேலே எறிதல் ஆகியவை பிரிப்பதற்கு உதவும்.

நாய்க்கடியில் தோலின் மேல் சிறு துளை மட்டுமே தெரிந்தாலும், உலுக்கப்பட்ட பூனையின் விலா எலும்பு, நுரையீரல், குடல் ஆகியவை உள்ளே சேதமடைந்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், வெளிறிய ஈறு, எழ இயலாமை ஆகியவை அவசர நிலையைக் காட்டும். பூனையை மூடியுள்ள கூடை அல்லது அட்டைப்பெட்டியில் வைத்து உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலிக்காகப் பாராசிட்டமால் மாத்திரை தருதல் கூடாது. சிறு அளவும் பூனையைக் கொல்லக்கூடும். நாயின் உண்ணி ஒழிப்புக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்துகளும் பூனைக்கு நஞ்சு. மருந்து பூசிய நாயுடன் பூனை உரசுவதையும் தவிர்க்க வேண்டும்.

மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலினுள் செலுத்தப்படும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இடப்படுகிறது. அறிகுறி தோன்றிய பின் இந்நோயைக் குணப்படுத்த இயலாது எனக் கொள்வதே பாதுகாப்பு. நாய், பூனை இரண்டுக்கும் மூன்று மாத வயதில் தொடங்கி உரிய இடைவெளிகளில் இத்தடுப்பூசி இடுதல் வேண்டும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று உள்ளது.

சட்டம்

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 விலங்குகளை அடித்துத் துன்புறுத்துதல், மிகக் குறுகிய அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுதல், பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி கைவிடுதல், ஒரு விலங்கை மற்றொன்றுடன் சண்டையிட ஏவுதல் ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. நாயைப் பூனையின் மீது ஏவி வேடிக்கை பார்ப்பதும் இதனுள் அடங்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- சிப்பிப்பாறை நாய்
- கன்னி நாய்
- இராசபாளையம் நாய்
- பூனை
- வெறிநாய்க்கடி நோய்
- விலங்கு நடத்தையியல்
- குற்றாலம்